வெங்காயக் கருவாடு

எத்தாளையில் ஹாசிம் என்று கேட்டால் ஆறு பேரைக் காட்டுவார்கள். கொச்சிக்காய் ஹாசிம் என்று கேட்டால் ஒரே ஒருவரைத்தான் காட்டுவார்கள். கொச்சிக்காய் என்றால் அங்கே மிளகாய், ஆனால் அதைப் பயிரிட்டு வந்த பெயரில்லை, கோபத்தின் காரத்தால் வந்த பெயர். பள்ளிவாசல் கூட்டத்தில் ஒருதரம் வாய்ச்சண்டை பிடித்து, செருப்பைக்கூடப் போடாமல் வெறுங்காலோடு வீட்டுக்குப் போனவர். அடுத்த நாள் செருப்பைத் தேடி வந்து, அதற்கும் ஒரு சண்டை பிடித்தார்.

அவருக்கு ஒரு ஏக்கர் மணல் தோட்டம் இருந்தது. நடுவில் கிணறு. அந்தப் பக்கத்தில் கிணறு வெட்டுவது பெரிய வேலையில்லை, பத்தடியில் தண்ணீர். ஒரு பக்கம் உப்புத் தண்ணீர் தேங்கிய களப்பு, மறுபக்கம் கடல். நடுவில் கிடைக்கிற நல்ல தண்ணீர், மழை இறங்கிச் சேர்ந்தது. அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே, பாலில் ஆடை கட்டின மாதிரி மிதந்துகொண்டு நிற்கும். அங்கே பிறந்த எல்லாருக்கும் இது தெரியும். ஹாசிமுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்த வேலையைச் செய்தார்.

யுத்தம் முடிந்து எட்டு வருடம் போயிருக்கும். அந்த வருடக் கடைசியில் மழை ஏமாற்றிவிட்டது. கிணறுகள் இறங்கின. வேலிக்கு அந்தப் பக்கம் மஸாஹிரின் தோட்டம். மஸாஹிர் ஹாசிமின் மாமா மகன், அவரைவிடப் பத்து வயது இளையவன். அவன் ஒரு பெரிய மோட்டரை வாங்கி, கிணற்றை ஆழமாக்கி, சீமெந்து வளையம் இரண்டு இறக்கினான். அதைப் பார்த்துவிட்டு ஹாசிம் மூன்று இறக்கினார். அதைவிடப் பெரிய மோட்டரும் வாங்கினார். கீழே போகப் போக உப்புத்தானே வரும் என்று மனைவி கமறியா சொல்லிப் பார்த்தாள். அவன் இரண்டு இறக்கினால் நான் சும்மா இருப்பதா என்று கத்திவிட்டு எழுந்து போனார்.

தண்ணீர் குதித்துக்கொண்டு வந்தது. வெங்காயம் நட்டார். ஒரு மாதம் போகவில்லை, தாள் நுனியெல்லாம் நெருப்பில் காட்டினதுபோலக் கருகத் தொடங்கியது. தாகமாக்கும் என்று நினைத்து, காலையும் மாலையும் மோட்டரை ஓடவிட்டார். பாத்தியில் கால் புதைகிற ஈரம். வெங்காயமோ பத்து நாளாகத் தண்ணீரைக் காணாததுபோலத் தலையைத் தொங்கப் போட்டது. பசியாக்கும் என்று யூரியா போட்டார். இரண்டே நாளில் பாதித் தோட்டம் படுத்துவிட்டது.

வாயில் தண்ணீரை விட்டுப் பார்க்கவில்லை அந்த மனிதன். வாளியால் அள்ளின காலத்தில் கையால் ஏந்திக் குடித்துவிட்டுத்தான் பாத்திக்கு ஊற்றுவார். மோட்டர் வந்த பிறகு சுவிட்சைப் போட்டுவிட்டு வீட்டுத் தண்ணீரைப் போத்தலில் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சோறும் வெச்சு, தண்ணியும் வெச்சா, செத்துப்போற சீவன் எங்க இரிக்கி?" என்று பாத்தியைப் பார்த்தே கத்தினார்.

கத்திவிட்டு நிமிர்ந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் மஸாஹிரின் பீட்ரூட். தட்டு மாதிரி இலை, பச்சைப் பசேலென்று நிற்கிறது. அதே மணல், அதே வெயில். போன கிழமை மஸாஹிர் முதுகில் மாட்டி மருந்து அடிக்கிற தாங்கியை வேலியோரத்தில் கழுவியது அவருக்கு ஞாபகம் வந்தது. அவ்வளவுதான். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலியைப் பிரித்து உள்ளே போனார்.

"என்னத்தடா ஊத்தின என்ட பாத்தியில?"

மஸாஹிர் மோட்டருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். "மண்வெட்டிய கீழ வெச்சிட்டுக் கதைங்க, மச்சான்."

"ஒன்ட பீட்ரூட்டு மட்டும் எப்படிடா நிக்கிது?"

மஸாஹிர் எழுந்தான். குழாயில் ஒரு கோப்பை பிடித்து நீட்டினான். ஹாசிம் ஒரு மிடறு குடித்துவிட்டுத் துப்பினார். கரித்தது.

மோட்டர் போட்ட இரண்டாம் கிழமையே உப்பு வந்துவிட்டதாகவும், பீட்ரூட் உப்பைத் தாங்கும் என்பதால் வெங்காயத்தை விட்டு அதைப் போட்டதாகவும் மஸாஹிர் சொன்னான். ஹாசிம் கோப்பையை வீசி எறிந்தார். தெரிந்துகொண்டு ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொன்னாக் கேக்கிற ஆளா நீங்க? நான் ரெண்டு வளையம் எறக்கினதுக்கு மூணு எறக்கின ஆள்."

வீட்டுக்கு வந்தார். கமறியா முற்றத்தில் மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கருவாடு போடுகிற குடும்பம். நடந்ததை எல்லாம் ஹாசிம் கத்திக் கத்திச் சொன்னார். அவள் முதல் நாள் உப்புப் போட்டு மூடிய பீப்பாயைத் திறந்து காட்டினாள். மீன் தண்ணீரில் மிதந்தது.

"இதில ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல்ல. எல்லாம் மீனில இருந்து உப்பு இழுத்தது. நீங்க தோட்டம் செய்யல்ல, வெங்காயத்தக் கருவாடு போட்டிருக்கீங்க."

ஹாசிம் பீப்பாயையே பார்த்துக்கொண்டு நின்றார். மண்ணில் உப்பு ஏறினால் வேர் குடிக்க முடியாது. ஈரத்தில் நின்றாலும் தாகம்தான். ஊற்ற ஊற்ற உப்பைத்தான் ஏற்றியிருக்கிறார். யூரியாவும் கரைந்தால் உப்பு மாதிரித்தான் வேரைப் பிடிக்கும். பசிக்குச் சோறு என்று எரிகிற வாயில் நெருப்பை வைத்திருக்கிறார்.

அடுத்த நாள் விடிந்ததும், மேலே மிதக்கிற நல்ல தண்ணீர் மட்டும் மிஞ்சட்டும் என்று மணலை அள்ளிக் கிணற்றில் கொட்டத் தொடங்கினார். மூன்று நாள். தனியாக. கிணறு வெட்டினதைப் பார்த்திருக்கிறோம், கிணற்றைப் புதைக்கிறதை இப்போதுதான் பார்க்கிறோம் என்று ஊர் சிரித்தது. ஹாசிம் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மூன்று வளையத்தின் ஆழமும் மூடியதும், அதே மண்வெட்டியோடு மஸாஹிரின் கிணற்றுக்கட்டில் போய் உட்கார்ந்தார். மணலுக்குக் கீழே வேலி இல்லை. மஸாஹிர் உறிஞ்சிக்கொண்டிருந்தால் இவர் மூடியும் பலனில்லை.

"என்ட மூணையும் மூடிட்டன். ஒன்ட ரெண்டையும் மூடு."

பீட்ரூட்டைக் கிண்டி எடுத்து முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றான் மஸாஹிர். அதுவரைக்கும் இங்கேதான் இருப்பேன் என்றார் ஹாசிம். வெயில் ஏறியது. இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார்கள். மஸாஹிரின் மனைவி றஹ்மா இரண்டு பேருக்கும் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். ஹாசிம் ஒரு வாய் குடித்தார், நிறுத்தினார். கோப்பையைக் கிணற்றுக்கட்டில் வைத்தார்.

"இதுவும் கரிக்கிது."

மஸாஹிர் தன் கோப்பையை வாயில் வைத்துப் பார்த்தான்.

"வீட்டுக் கிணறும் கரிக்கத் தொடங்கிட்டு எண்டு ரெண்டு நாளாச் சொல்றன்" என்றாள் றஹ்மா. "எங்கட பிள்ளைகள் பீட்ரூட் இல்ல."

மஸாஹிர் தேத்தண்ணீரை மணலில் ஊற்றினான். எழுந்து போய் மோட்டரை நிறுத்தினான். ஹாசிம் மண்வெட்டியை அவன் காலடியில் எறிந்துவிட்டு, தன்னுடைய இன்னொரு மண்வெட்டியை எடுத்துவர வேலியைத் தாண்டினார், வாய்க்குள் ஏசிக்கொண்டே.