உள்ளங்கையில் எழுதிய மருந்து

கணினி வந்த அன்றே வார்டின் மருந்து நோட்டை நிர்வாகம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏதோ ஒரு வருடம். திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் நர்ஸ். இனி மருந்தை டாக்டர்களே கணினியில் பதிய வேண்டுமாம்.

"நான் வைத்தியம் பாக்கவா, டைப் அடிக்கவா?" என்ற எங்கள் டாக்டர், தன் பாஸ்வேர்டைப் பிளாஸ்திரித் துண்டில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டினார். "நீங்களே போட்டுருங்க சிஸ்டர்."

ஹெட் சிஸ்டர் கணினிக்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்தார். "வார்டுல இருக்குற ஒரு காத்தாடியும் அதுக்குத்தான். மாமியா வந்து உக்காந்துருக்கா, சத்தம் போடாமப் போங்கடி."

கணினி வார்டின் கடைசியில். டாக்டர் படுக்கை படுக்கையாகச் சொல்லிக்கொண்டே நடப்பார். நோட்டு இல்லாததால் இடது உள்ளங்கையில் எழுதிக்கொள்வோம். பிறகு போய் அவர் பெயரில் தட்டுவோம்.

ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர், சர்க்கரைக்காரர், முந்தின நாளிலிருந்து வாந்தி. "சாப்பாடு எறங்கல. இன்னைக்கு இன்சுலின் வேணாம்" என்றார் டாக்டர். எழுதினேன். பக்கத்துப் படுக்கையில் புண்ணுக்குக் கட்டு மாற்றினேன். சோப்புப் போட்டுக் கை கழுவினேன். கணினி முன் உட்கார்ந்தபோது கை வெறும் கையாக இருந்தது. இருபது படுக்கை. நினைவில் நின்றதை மட்டும் மாற்றினேன். மற்றவர்களுக்கு, நேற்றைய மருந்தையே திரும்பப் போடும் பொத்தானை அழுத்தினேன். அச்சாகி வந்த தாளில் இன்சுலின் இருந்தது. தாளில் இருந்ததால் போட்டேன்.

மத்தியானம் அவர் வேர்த்து நனைந்து கிடந்தார். கண் செருகியிருந்தது. கூப்பிட்டால் பேச்சில்லை. சர்க்கரை ஒரேயடியாக இறங்கியிருந்தது, குளுக்கோஸ் ஏற்றினோம். அவர் மனைவி துண்டால் முகத்தைத் துடைத்தபடியே இருந்தார். எனக்குப் பயம்கூட வரவில்லை. சொட்டு விழுவதைப் பார்த்தேன், அடுத்த சொட்டைப் பார்த்தேன், ஜன்னலுக்கு வெளியே வெயில் அசையாமல் நின்றது. கடைசியில் அவர் கண் திறந்து தண்ணி கேட்டார்.

டாக்டர் திரையைப் பார்த்தார். உத்தரவு அவர் பெயரில் இருந்தது. பிளாஸ்திரியைப் பார்த்தார். பிறகு என் கையை.

"சிஸ்டத்துல ஏதோ கோளாறு" என்றார்.

"அன்னைக்கே சொன்னேன்ல, மாமியான்னு" என்றார் ஹெட் சிஸ்டர்.

சாயங்காலம் ஒட்டன்சத்திரத்துக்காரரின் மனைவி கேட்டார்: "ஏனுங்க சிஸ்டர், கம்ப்யூட்டரு தப்பாச் சொல்லிப்போடுச்சாமாங்க?"

"ஆமாங்க" என்றேன்.

அன்று நான் வீட்டுக்குக் கிளம்பும்போது, ஊரிலிருந்து வந்த ஒரு கட்டு முருங்கைக்காயைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் ரவுண்ட்ஸில் டாக்டர் சொல்ல ஆரம்பித்தார். பேனாவைத் திறந்தேன். உள்ளங்கையில் எழுதவில்லை. மணிக்கட்டுக்கு மேலே, தண்ணீர் எட்டாத இடத்தில் எழுதினேன்.