பேச்சுக்கு எத்தனை பாயின்ட்?

போன சனிக்கிழமை மதியம் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பெரிய சண்டை. காரணம்... ஒரு கோட்டைக் கதவு!

பதற வேண்டாம். கோட்டை நிஜமில்லை. சண்டை மட்டும்தான் நிஜம்.

நவீன் வீட்டு டைனிங் டேபிளைச் சுற்றி நாங்கள் நாலு பேர் சனிக்கிழமைகளில் ஒரு விளையாட்டு ஆடுகிறோம். நவீன் கதை சொல்லுவார், அவர்தான் மாஸ்டர். மற்ற மூவரும் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்யப் போகிறோம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட டைஸ் சொல்லும். நான் ஒரு திருடி. (மாமியாருக்குத் தெரியாது.)

ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஒரே அளவு பாயின்ட். வலிமை, புத்தி, பேச்சு என்று நாமே பிரித்துப் போட்டுக்கொள்ளலாம். சிவாஜிநகரில் துணிக்கடை வைத்திருக்கும் ஷபானா, மொத்தத்தையும் வலிமையில் கொட்டி வாள் வீராங்கனை ஆகிவிட்டார். ஐ.டி. கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்க்கும் செல்வம், வலிமையைச் சுத்தமாக விட்டுவிட்டு எல்லாவற்றையும் பேச்சில் போட்டார். அவர் ராஜதூதன். பேசியே காரியம் சாதிப்பவன்.

செல்வத்துக்குத் திக்குவாய்.

ஏன் அந்தப் பாத்திரத்தை எடுத்தார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டுமா என்ன?

சனிக்கிழமை கதையில் கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தோம். காவலன் விடமாட்டேன் என்கிறான். செல்வம் நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் பேசறேன்" என்றார்.

"சரி, என்ன பேசுவ? பேசிக் காட்டு" என்றார் நவீன்.

செல்வம் ஆரம்பித்தார். "வ... வ..." 'வணக்கம்' வரவில்லை. நவீன் பொறுமையாகக் காத்திருந்தார். ரொம்பப் பொறுமையாக. அந்தப் பொறுமைதான் பார்க்கச் சகிக்கவில்லை. செல்வம் ஒரு வழியாக ஏதோ சொல்லி முடித்ததும், "காவலன் ஒத்துக்கலை, மச்சி" என்றார் நவீன், மெல்ல.

டைஸ் உருளவே இல்லை.

செல்வம் தன் பாத்திரத்தின் பாயின்ட் எழுதிய ஷீட்டை மடித்து மேஜையில் வைத்தார். "அடுத்த வாரத்துல இருந்து ஆபீஸ்ல வே... வேலை இருக்கு. என்னை விட்டுட்டு ஆடுங்க."

அப்படி ஒரு வேலை இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஷபானா வெடித்தார். "அரே, நில்லு செல்வம்! நவீன், போன வாரம் சந்தையில நான் பேசிக் குதிரை வாங்கினேனே... என் ஷீட்ல பேச்சு எவ்ளோ?"

"பூஜ்யம்."

"டைஸ் போடச் சொன்னியா?"

"நீ சூப்பரா பேசின, அதான்..."

"நான் கடையில நாள் முழுக்க அதைத்தான் பண்றேன்! அது என் வாய், என் கேரக்டரோட வாய் இல்ல. பாயின்ட் ஒண்ணுகூட செலவு பண்ணாம எனக்குப் பேச்சு ஃப்ரீ. அத்தனையும் செலவு பண்ண இவனுக்கு இல்ல. என்ன பேலன்ஸ் இது? நான் பாறையைத் தூக்கறேன்னு சொன்னப்ப, இந்த ஃபிரிட்ஜைத் தூக்கிக் காட்டுன்னு கேட்டியா?"

தனக்குக் கிடைத்த சலுகையைத் தானே எதிர்த்து வாதாடும் ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

நவீன் லேசில் விடுகிற ஆளில்லை. தாத்தா காலத்திலிருந்து பெங்களூர்க்காரர். கோபம் வந்தால் பாதி கன்னடம். "ஏன் குரு, எல்லாத்துக்கும் டைஸ்னா அப்புறம் எதுக்குக் கதை? ஹோக்லி பிடு, விட்டுடுவோம்... லூடோ ஆடலாம்! பேசறதுலதானே மஜாவே? ரூல் புக்லயே இருக்கு, மாஸ்டர் சொல்றதுதான் முடிவு."

அதிலும் நியாயம் இருக்கிறதே! நான் சமாதானத்துக்குப் போய், "செல்வத்துக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு வெச்சுக்கலாமே" என்றேன். ஷபானா, "விதிவிலக்கு எதுக்குக்கா?" என்று என் மேல் பாய்ந்தார். மூன்று பேரும் செல்வத்தைப் பற்றியே கத்திக்கொண்டிருந்தோம் — செல்வம் அங்கே இல்லாதது போல.

"எ... என்னைக் கேளுங்க."

நிறுத்தினோம்.

"எனக்காக யாரும் பாவம் பார்த்துக் கதவைத் திறக்க வேணாம்." நடுநடுவே திக்கியது. அவர் அதற்காக அவசரப்படவில்லை, நாங்களும் குறுக்கிடவில்லை. "என்ன சொல்லணும்னு நான் யோசிக்கிறேன். அதை எவ்ளோ நல்லா சொன்னேன்கிறதை டைஸ் சொல்லட்டும். எனக்கு மட்டும் இல்ல... எல்லாருக்கும்."

நவீன் கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார். பிறகு கேட்டார்: "சரி. காவலன்கிட்ட என்ன சொல்லப் போற?"

"அவன் பேரு மட்டும் கேப்பேன். 'தூதனைத் திருப்பி அனுப்பினது யாரு'ன்னு நாளைக்கு ராஜா கேட்டா சொல்லணும்ல."

ஷபானா விசில் அடித்தார். நவீனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "செம ஐடியா. இதுக்கு ரெண்டு பாயின்ட் கூடுதல். டைஸோட சேர்த்து மொத்தம் பதினஞ்சு வந்தா கதவு திறக்கும்."

செல்வத்தின் பேச்சு ஏழு. ஐடியாவுக்கு இரண்டு. டைஸில் ஆறு விழுந்தாலே போதும்.

உருட்டினார்.

இரண்டு!

யாரும் யாரையும் பார்க்கவில்லை. நவீன்தான் தயங்கித் தயங்கி, "டைஸ் ஓரத்துல இடிச்ச மாதிரி இருந்துச்சு... இன்னொரு தடவை போடறியா?" என்றார்.

"வேணாம்!" செல்வம் சிரித்துக்கொண்டிருந்தார். கண் கலங்கும் அளவுக்கு. "இத்தனை நாளா இங்க தோத்ததெல்லாம் என் வாய்தான். இன்னைக்குத்தான் தூ... தூதன் தோத்தான்!"

மடித்த ஷீட்டைப் பிரித்து, கையால் நீவி, முன்னால் வைத்துக்கொண்டார்.

எனக்கு இன்டர்வியூ அறைகள் ஞாபகத்துக்கு வந்தன. வேலை வேறு ஏதோவாக இருக்கும், மார்க் மட்டும் வாய்க்குப் போகும். அங்கே 'ரூல் சரியில்லை' என்று யார் மேஜையைத் தட்டுகிறார்கள்? விளையாட்டில் விதிக்காகச் சண்டை போடுகிறவர்களை அற்பர்கள் என்று நினைத்திருந்தேன். இப்போது தோன்றுகிறது — ஓர் ஆளை விளையாட்டை விட்டுப் போகவிடாமல் இருக்கத்தான் சில சமயம் அந்தச் சண்டை தேவைப்படுகிறது.

சரி, கோட்டை என்ன ஆயிற்று? காவலன் எங்கள் மூவரையும் பிடித்துச் சிறையில் போட்டான். சாயங்காலம் வரை உள்ளேதான். சிறை அதிகாரியிடம் செல்வம் திக்கித் திக்கி நல்ல சாப்பாடு கேட்டார், போர்வை கேட்டார், சுரங்கப் பாதை இருக்கிறதா என்று நாசூக்காக விசாரித்தார். சிலதற்கு டைஸ் ஒத்துழைத்தது, சிலதற்குக் காலை வாரியது. அவர் அசரவில்லை.

எனக்கும் ஷபானாவுக்கும்தான் வாய் திறக்கச் சான்ஸே கிடைக்கவில்லை!