இரும்போடு கிட்ட வராதே

போன வருஷம் பங்குனி மாசம். அமிர்திக்கு மேலே காட்டுக்குள் ஒரு கேம்ப்பில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அதற்கு முன்னால் ஆம்பூரில் ஷூ கம்பெனி. ஆர்டர் குறைந்ததும் முதலில் வெளியே அனுப்பப்பட்டவன் நான்தான். படிப்பு ஒன்பதாவதோடு நின்றுபோனது. வாய் மட்டும் ஜாஸ்தி.

கேம்ப்பில் நிக்கல், தாமிரம், பிளாட்டினம் வகை உலோகங்களைத் தேடினார்கள். கருப்பும் பச்சையும் கலந்த ஒரு கனமான பாறையில் அதெல்லாம் ஒளிந்திருக்குமாம். அந்தப் பாறையில் காந்தம் இழுக்கிற தாதுவும் இருக்கும். அதனால் முதல் வேலை, காந்தம் அளக்கிற மிஷினைச் சுமந்துகொண்டு மலையைக் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்ட மாதிரி நடப்பது. நடக்கிறவன் உடம்பில் இரும்பு இருந்தால் அளவு கெட்டுவிடும். பெல்ட், சாவி, போன் எல்லாவற்றையும் ஜீப்பிலேயே போட்டுவிட்டு, பேன்ட்டை நாடாவால் கட்டிக்கொண்டு போக வேண்டும்.

"பல்லுல கம்பி கட்டியிருந்தா அதையும் கழட்டணுமா சார்?" என்று ஜியாலஜிஸ்ட் சாரைக் கேட்டேன்.

"உன் வாயக் கழட்டி வெச்சிட்டுப் போ, அது போதும்" என்றார்.

முதல் நாள் சிரிப்பாகத்தான் இருந்தது. கம்பெனியில் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகியவன் நான். இங்கே கூட்டாளி ஒருத்தன் வந்தாலும், அளவு கெடாமல் இருக்க ரொம்பத் தள்ளித்தான் வருவான். நிற்க வேண்டும், பட்டனை அமுக்க வேண்டும், 'பீப்' என்றதும் நடக்க வேண்டும். நாலு நாளில் மிஷினோடேயே பேச ஆரம்பித்துவிட்டேன். "இன்னா தோஸ்த், சாப்ட்டியா?" என்பேன். பீப் என்னும்.

அந்தப் பக்கம் விறகு வெட்ட ஓர் அக்கா வருவார். ஒருநாள் அரிவாளோடு கிட்ட வந்து வேடிக்கை பார்த்தார். அளவு கெடும் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"யக்கா, தள்ளிப் போ! இரும்பு கிட்ட வந்தா இந்த மிஷினு வெடிச்சிடும். நீயும் காலி, நானும் காலி!"

அவர் பின்பக்கமாகவே நாலு அடி வைத்து, திரும்பி ஓடினதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அதற்குப் பிறகு என்னைத் தூரத்தில் கண்டாலே ஒதுங்கிப் போய்விடுவார்.

ஒரு நாள் கூட்டாளிக்குக் காய்ச்சல். தனியாகப் போக வேண்டாம் என்றார் சார். ஒரு கோடுதானே என்று நான்தான் கிளம்பினேன். சரிவில் ஒரு கல் புரண்டது. விழுந்தேன். கணுக்கால் இரண்டு பாறைக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் உயிர் போனது. தண்ணி பாட்டில் எங்கேயோ உருண்டுவிட்டது. ஜீப் மலைக்கு அந்தாண்ட, போன் அதற்குள்ளே. கத்தினேன். என் குரல்தான் திரும்பி வந்தது. சாயங்காலம் வரைக்கும் யாரும் தேட மாட்டார்கள் என்று தெரியும். பாறை சூடேற ஆரம்பித்தது. அழுதேன். அதைப் பார்க்கவும் ஆள் இல்லை.

வெகுநேரம் கழித்து மேட்டில் அந்த அக்கா தெரிந்தார்.

"யக்கா! கால் மாட்டிக்கிச்சு, வாக்கா!"

அவர் அசையவில்லை. "மிஷினு கீதேப்பா."

"வெடிக்காதுக்கா! சும்மா சொன்னேன்!"

"அன்னிக்கி வெடிக்கும்ன. இன்னிக்கி வெடிக்காதுன்ற. வலில ஒளர்ற நீ."

அவர் அரிவாளை ஒரு மரத்தடியில் வைத்தார். தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அதன் பக்கத்தில் போட்டார். கொண்டை ஊசியை உருவினார். முடி அவிழ்ந்து தோளில் விழுந்தது. பிறகு ஏதோ சாமி பேரை முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்தார்.

ஒரு கட்டையைச் சந்தில் கொடுத்து, உடம்பு பாரத்தையெல்லாம் அதன்மேல் போட்டு நெம்பினார். கால் வெளியே வந்தது. தன் தூக்குச்சட்டியில் இருந்த கூழைக் கொடுத்தார்.

"உன் கூட யாரும் வர்றதில்லியா?"

"இந்த மிஷினு கீதுல்லக்கா."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அது இன்னா பேசும்?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். ஜீப் ஆட்கள் தேடி வரும் வரைக்கும், விறகை மறந்து, அந்த மிஷினை ஓரக்கண்ணால் பார்த்தபடியே இருந்தார். வெடிக்காது என்று இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மலையில் பிளாட்டினம் இருந்ததா, தெரியாது. கால் ஆறியதும் ஆம்பூருக்கே திரும்பி வேறொரு கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். இப்போதும் எல்லாரையும் கலாய்க்கிறேன், எல்லாரும் சிரிக்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்து ரூமில் தனியாகப் படுக்கும்போது மட்டும், செத்துப்போய்விடுவோம் என்று நம்பிக்கொண்டே ஒருத்தர் என்னிடம் இறங்கி வந்ததை நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பு வந்துவிட்டால் ரூம் அவ்வளவு காலியாக இருப்பதில்லை.