காட்டுக்குள் ஜனாதிபதியின் மரவீடு

அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்த அந்த மாதம், மயிலாப்பூரில் கணவரை அவருடைய தம்பியிடம் விட்டுவிட்டுப் போயிருந்தேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு வலது பக்கம் விளங்காது; பேச்சும் குழறும். அடையாறிலிருந்து மச்சினர் பெட்டியோடு வந்து இறங்கி, “நான் பாத்துக்கறேன் மன்னி, நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்கோ” என்றார்.

ஒரு சனிக்கிழமை மகள் என்னை ஒரு தேசியப் பூங்காவுக்கு அழைத்துப்போனாள். அந்த நாட்டின் ஜனாதிபதி ஒருவர், அந்தக் காலத்தில், மீன் பிடிக்க வந்து தங்கிய மரவீடு காட்டுக்குள் இருக்கிறது. பூங்காவின் சிறு பஸ்ஸில் மலையிறங்கிப் போகவேண்டும். பாதி வழியில் செல்போனில் சிக்னல் போய்விட்டது.

“இனிமே திரும்பி மேல வந்தாத்தாம்மா கிடைக்கும்” என்றாள் மகள்.

நான் பதறியிருக்க வேண்டும். எனக்கோ இடுப்பிலிருந்து நிறைகுடத்தை இறக்கிவைத்தாற்போல இருந்தது.

வீடு என்னவோ சாதாரணம்தான். பலகைச் சுவர், குளிர்காய ஒரு கல் அடுப்பு, நடந்தால் முனகும் தரை. பக்கத்திலேயே ஓடை. மற்றவர்கள் அறை அறையாகப் பார்த்துக்கொண்டிருக்க, நான் வராந்தாவில் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். மகள் கிளம்பலாமா என்றபோது, “செத்த இருடி” என்றேன். வழிகாட்டி வந்து கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேன்.

பஸ் மேலே ஏறியதும் போன் விடாமல் துடித்தது. எல்லாம் மச்சினர் அழைத்தவை. உடனே கூப்பிட்டேன்.

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார் மன்னி. நெத்தியில தையல் போட்டாச்சு, பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா முதல்ல டாக்டரத் தொடவே விடல. உங்களக் கூப்டுண்டே இருந்தார்.”

பிறகு கணவரின் குரல். “எங்க... போன?”

“இங்க ஒரு மலைக்கு. சிக்னல் கிடைக்கல.”

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சிரமப்பட்டு, “நன்னா... இருந்துதா?” என்று கேட்டார். பஸ்ஸில் அத்தனை பேர் நடுவில் அழுதேன்.

டிக்கெட்டை மாற்றிக்கொண்டு அடுத்த வாரமே ஊர் திரும்பினேன். தையலைப் பிரித்திருந்தார்கள். மகள் அனுப்பிய படங்களைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒரு படத்தில் இடதுகை விரலை வைத்து நிறுத்தினார். மகள் எனக்குத் தெரியாமல் எடுத்தது. அந்த வராந்தாவில் நான் மட்டும்.

“சிரிக்கற” என்றார்.

அடுத்த படத்துக்குத் தள்ளப் போனேன். அவர் விரலை எடுக்கவில்லை.