பிரதி எடுக்காமல் விட்ட பக்கம்

போன செவ்வாய் காலை. என் போட்டோகொப்பிக் கடை மேசையில் ஒருவர் ஒரு புத்தகத்தை வைத்தார். முதல்நாள் அவருடைய மகளுக்கு நான் பிரதி எடுத்து, கட்டிக் கொடுத்த அதே புத்தகம். அதற்காகவே நுரைச்சோலையில் இருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார்.

"தம்பி, இத எழுதின ஆள் மனம் பொருந்தித்தான் குடுத்தாரா?"

ஆட்களோடு கதைப்பதைவிட மெஷினோடு இருப்பது எனக்கு லேசு.

மகள் தொழில்நுட்பக் கல்லூரியில் உணவுப் பாதுகாப்புப் படிக்கிறாள். பரீட்சை நெருங்கிவிட்டது. உரியவர் மனம் பொருந்திக் கொடுக்காத எதுவும் வீட்டுக்குள் இருக்கக்கூடாது என்பது வாப்பாவான இவரின் கண்டிப்பு. புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டார். மகள் அழுதிருக்கிறாள். அழாமல்? தமிழில் அந்தப் பாடத்துக்கு அவளிடம் வேறு புத்தகம் இல்லை.

இது அவளுக்குப் படிப்பிக்கும் மிஸ் செய்த வேலை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓர் ஆங்கிலப் பாடநூலைத் தமிழாக்கி, குளிர்நாட்டு உதாரணங்களை எடுத்துவிட்டு, கல்பிட்டிக் கருவாட்டையும் மீன் ஐஸ் பெட்டியையும் உள்ளே வைத்திருந்தார். ஆங்கிலத்தில் எழுதியவரே அதற்கெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறார் என்று ஒருவாறு சொல்லி முடித்தேன்.

"சும்மா குடுப்பாங்களா? எங்க எழுதியிருக்கு, காட்டுங்க."

நியாயமான கேள்விதான். புத்தகத்தைத் திறந்தேன் — அட்டைக்கு அடுத்து நேரே முதலாம் அத்தியாயம்.

விஷயம் இதுதான். எங்கள் தொழிலில் பதிப்புரிமைப் பக்கத்தைப் பிரதி எடுப்பதே இல்லை. பிள்ளைகளுக்கு ஒரு தாள் மிச்சம். தவிர, 'அனுமதியின்றிப் பிரதி எடுக்கக்கூடாது' என்று முறைக்கிற பக்கத்தை யார்தான் மெஷினில் வைப்பார்கள்? கை பழகிவிட்டது. தடுக்கிற பக்கத்தை விடுகிற அதே கையால், அனுமதி தருகிற பக்கத்தையும் விட்டுவிட்டேன்.

மிஸ் அனுப்பிய ஃபைல் கணினியில் இருந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்து வாசித்தேன். எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம். ஒரே நிபந்தனை — எழுதிய பெண்ணின் பெயரைச் சொல்ல வேண்டும்.

"பேரச் சொன்னாக் காணுமா?"

"ஓம் நானா. வேற ஒண்டும் கேக்கல."

"அந்தப் பேரத்தானே நீங்க வெட்டியிருக்கீங்க."

அந்தப் பக்கத்தை அச்செடுத்து, புத்தகத்தைப் பிரித்து, சேர்த்துக் கட்டினேன். அவர் போனை எடுத்தார்.

"மகள், படிங்க. எழுதின மனுசி மனம் பொருந்தித்தான் குடுத்திருக்கு."

கேட்டு வாங்கப் பழகியவர்கள் நாங்கள். கேட்காமலே கொடுக்கிறவர்களை நம்பத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது, இல்லையா?

போகும்போது அந்தப் பெயரை மெதுவாகச் சொல்லச் சொன்னார். இறைவனிடம் கேட்கும் துஆவில் சேர்க்க வேண்டுமாம். நீளமான பெயர், என் நாக்கிலேயே சரியாக நிற்கவில்லை. அவர் அதை முணுமுணுத்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினார்.

எந்த நாட்டிலோ இருக்கும் அந்த அம்மாவுக்குத் தெரியுமா — நுரைச்சோலையில் ஒரு வீட்டில், தொழுகைக்குப் பிறகு தன் பெயர் பாதி பிழையாகவும் முழு மனதாகவும் சொல்லப்படுகிறது என்று?