பச்சையா இருக்கு

என் முன்பல்லில் பாதிதான் மிச்சம். மீதிப் பாதி லால்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தின் சிமெண்ட் தரையில் எங்கேயோ கிடக்கிறது. எப்படி உடைந்தது என்று கேட்டால் 'ஒரு வார்த்தையால' என்பேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்கள் பல் முழுசாக இருக்கிறது.

ஊர் ஊராகப் போய் நெட்வொர்க் லைன் பார்ப்பது என் வேலை. திருச்சியைச் சுற்றி எங்கள் லைன் போகிற ஒவ்வோர் இடத்திலும் மோடமும் ரவுட்டரும் வைத்த ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். அது நின்றுபோனால் பைக்கை முறுக்கிக்கொண்டு ஓட வேண்டியவன் நான். எந்த ஊர் லைன் ஓடுகிறது, எது நிற்கிறது என்று ஸ்ரீரங்கத்து ஆபீசில் பெரிய திரையைப் பார்த்தபடி ஒருவர் உட்கார்ந்திருப்பார். என்னைவிட மூத்தவர், கோயில் குடும்பம். பெருமாளைச் சேவித்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். நாங்கள் எல்லாம் "துவாக்குடி செத்துப்போச்சு, மணப்பாறைக்கு உயிர் வந்துடுச்சு" என்றுதான் பேசுவோம். அவருக்கு அது ஆகவே ஆகாது. "ஊர் பேரைச் சொல்லிச் செத்துப்போச்சுங்கறதாவது! வாயை அலம்புங்கோ" என்பார். திரையில் ஓடுகிற ஊருக்குப் பச்சைப் புள்ளி, நின்ற ஊருக்குச் சிவப்புப் புள்ளி. அதனால் அவர் வாயில் வருவது இரண்டே பேச்சு: பச்சையா இருக்கு, சிவப்பா இருக்கு. நல்ல மனிதர்தான். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை என்றால் அது பொய்.

அன்று மத்தியானமே வானம் கறுத்துவிட்டது. நிலையத்து வாசலில் திறந்த வெளியில் நெல் குவியல் குவியலாகக் கிடந்தது. விவசாயி விரல் ரேகை வைத்தால்தான் எடை போட்டு உள்ளே எடுப்பார்கள். ரேகை போய்ச் சேர லைன் வேண்டும். லைன் சில நாளாகவே இல்லை. இதெல்லாம் எனக்கு அங்கே போய்த்தான் தெரியும். புகார் வந்திருக்கு, போ என்று அனுப்பினார்கள், போனேன்.

பைக்கை நிறுத்துவதற்குள் ஒருவர் என் சட்டையைப் பிடித்துவிட்டார். தலையில் சிவப்புத் துண்டு, ஆள் பனைமரம் மாதிரி. வாசலை ஒட்டிய முதல் குவியல் அவருடையது.

"வாங்க சார், மழை பெஞ்சு முடிஞ்சதும் வரலாம்னு இருந்தீங்களா?"

"நானாங்க லைன அறுத்தேன்? கையை எடுங்க மொதல்ல."

எடுத்தார். ஆனால் பின்னாலேயே வந்தார். அவரோடு காத்திருந்த கூட்டமும் வந்து பெட்டி இருந்த அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பெட்டியைத் திறந்தேன். மோடத்தில் லைன் விளக்கு எரியவே இல்லை. இரண்டு கையும் ஒயருக்குள் இருந்ததால் போனை மேசை மேல் வைத்து ஸ்ரீரங்கத்துக்காரரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். அதுதான் வினை.

"சார், லால்குடி எப்படி இருக்கு?"

"பச்சையாத்தான் இருக்கு."

"நல்லாப் பாருங்க சார்."

"பார்த்துட்டேன். காலைலேர்ந்தே பச்சைதான். அங்க ஒண்ணும் பண்றதுக்கில்லை, நீங்க கெளம்பி வாங்கோ."

போன் வைக்கப்பட்டது. கொள்முதல் நிலையத்தில் நெல் பச்சையாக இருக்கிறது என்றால் காயவில்லை, ஈரம், எடுக்க மாட்டோம் என்று அர்த்தம். அங்கே நின்ற ஒவ்வொருவரும் கேட்டுக் கேட்டு வயிறெரிந்த பேச்சு அது.

"எவன்டா அவன்? ரூமுக்குள்ள உக்காந்துக்கிட்டு என் நெல்லப் பச்சைங்கிறான்!"

"லைன் இல்லேன்னதெல்லாம் நாடகம்டா. ஈரம்னு தள்ளிவிடத்தான் இவன அனுப்பியிருக்கானுங்க."

முதல் அறை பிடரியில் விழுந்தது. திரும்பினேன், கன்னத்தில் ஒன்று. நிலையத்து எழுத்தர் பின்வாசல் வழியாக எடுத்த ஓட்டத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நாற்காலி ஒன்று பறந்துவந்து சுவரில் மோதிக் கால் ஒடிந்து விழுந்தது. நானும் சும்மா இல்லை, முழங்கையால் யாரோ ஒருவர் விலாவில் இடித்தேன், அவர் சுருண்டார். அதற்கும் சேர்த்து வாங்கினேன். தலைமுடியைப் பிடித்து மேசை விளிம்பில் ஒரே மோது. பல் போனது அப்போதுதான்.

அந்த வலியிலும் மண்டைக்குள் ஒன்று பளிச்சென்றது. இங்கே விளக்கு எரியவில்லை, அங்கே திரையில் பச்சை. அப்படியானால் நடுவில் லூப் கிடக்கிறது! லைனைச் சோதிக்கும்போது நடுவழியில் ஒரு துண்டு ஒயரைப் போட்டு, போகிற சிக்னலை அங்கேயே திருப்பிவிடுவோம். அதுதான் லூப். அனுப்பியது திரும்பி வருவதால் திரை ஏமாந்து பச்சை காட்டும். வேலை முடிந்ததும் கழற்ற வேண்டும். எங்கள் காண்டிராக்ட் ஆள் எவனோ கழற்றாமல் போய்த் தொலைந்திருக்கிறான். "லூப்பு! லூப்பு!" என்று கத்தினேன். ரத்தம் நிறைந்த வாயிலிருந்து வந்தது அவர்களுக்கு என்னவாகக் கேட்டதோ, இன்னும் இரண்டு விழுந்தது.

சிவப்புத் துண்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துக் கையை ஓங்கினார். நான் தலையைச் சாய்த்தேன். குத்து இரும்புப் பெட்டிக் கதவின் விளிம்பில் போய் இறங்கியது. அவர் வலது கட்டைவிரல் நீளவாக்கில் கிழிந்தது. "ஐயோ அம்மா!" என்று அவர் அலறிய அலறலில் கூட்டம் ஒரு கணம் நின்றது. அந்தக் கணத்தில் வெளியே பாய்ந்தேன். வாசலில் லைன் இறங்கும் கம்பத்து டப்பாவைத் திருகித் திறந்தால், லூப் போட்ட மஞ்சள் ஒயர் வளைந்து என்னைப் பார்த்து இளித்தது. பிடுங்கி எறிந்துவிட்டு லைனைச் சேர்த்தேன்.

உள்ளே மோடம் விழித்துக்கொண்டது. எழுத்தர் எங்கிருந்தோ முளைத்தார். யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

முதல் ஆள் சிவப்புத் துண்டுக்காரர். விரலை வைத்தார். மெஷின் எடுக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். எடுக்கவில்லை.

"வேற விரல் வைக்கட்டுமா?"

"உங்களுக்கு மத்த ரேகையெல்லாம் தேஞ்சு போச்சுங்க. பதியும்போதே அந்தக் கட்டைவிரல்தான் தேறுச்சு" என்றார் எழுத்தர். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அடுத்த ஆள் வாங்க."

நல்லா வேணும் என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அடுத்தடுத்த குவியல்கள் சாக்கில் ஏறி உள்ளே போயின. அவருடையது மட்டும் அப்படியே கிடந்தது. தூரத்தில் இடி உருண்டது. குழாயடியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தேன், முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, லைனச் சரி பண்ணிட்டீங்கல்ல. இதையும் கொஞ்சம் பாருங்களேன்."

ரத்தம் சொட்டுகிற விரலை என்னிடம் நீட்டினார். நக்கல் இல்லை. நிஜமாகவே நான் ஏதாவது செய்வேன் என்று நம்பினார். அறையலாம் போல இருந்தது. அழுகையும் வந்தது. விரலைக் குழாயில் கழுவினேன், சட்டை நுனியால் ஒற்றினேன், கிழிந்த தோலை இரண்டு பக்கமும் சேர்த்துப் பிடித்து, உள்ளே இழுத்துப்போய் மெஷின் கண்ணாடியில் வைத்து அழுத்தினேன். கத்தினார். இன்னும் அழுத்தினேன். நெல்லுக்காக அழுத்தினேனா பல்லுக்காக அழுத்தினேனா என்று கேட்டால், இரண்டுக்கும்தான்.

மெஷின் எடுக்கவில்லை.

மழை கல்லெறிவது போல இறங்கியது. அவர் கையை உருவிக்கொண்டு ஓடிப்போய்க் குவியலின் மேல் குப்புற விழுந்தார். இரண்டு கையையும் விரித்து அதை மூடப் பார்த்தார். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தால் என்ன, ஒரு மனித உடம்பு எவ்வளவு நெல்லை மூடும்?

யாரோ தார்ப்பாயின் ஒரு முனையை என் கையில் திணித்தார்கள். குவியலோடு கிடந்தபடியே அவர் தலையைத் தூக்கி, "இந்தப் பக்கம் இழுங்க தம்பி, இந்தப் பக்கம்!" என்று கத்தினார். அவரையும் அவர் பரம்பரையையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே இழுத்தேன்.