கண்ணில் ஒற்றிக்கொண்ட இயந்திரம்

தங்கமணி மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தியவள். "பயலுக்குக் காசு போட்டா திரும்பி வரும், பொண்ணுக்குப் போட்டா சம்பந்தி வீட்டுக்குத்தான் போவும்" என்று அப்பா பழனியப்பன் கணக்கை முடித்துவிட்டார். தம்பி வாசு கடல் தாண்டி மெட்ராசுக்குப் படிக்கப் போனான். அவள் சாலாக் செலாத்தானிலிருந்து பேக்டரி பஸ் ஏறி சுங்கைவேயில் இருந்த மின்னணுச் சிப் பேக்டரிக்கு வேலைக்குப் போனாள்.

மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் புதைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்டும் வேலை. அந்தக் கைப்பழக்கத்துக்காக யாரும் ஒரு காசு செலவழித்ததில்லை; கண் எரிய எரிய அவளே சேர்த்த சொத்து அது. ஆயுதபூசைக்குச் செய்வது அவளுக்கு அன்றாடமாகிவிட்டது: சிப்புகள் அடுக்கிய புதுத் தட்டு வந்ததும் அதன் விளிம்பைத் தொட்டு, வலக்கை விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

எண்பத்து நாலில் தானாக ஒட்டும் இயந்திரம் வந்து இறங்கியது. சூப்பர்வைசர் மீனலோசனி அவளைக் கூப்பிட்டார்.

"உன் கைவேலைய அப்படியே அதுக்குச் சொல்லிக் குடுத்துடு. டெக்னீஷியன் கோர்ஸுக்கு உன் பேரப் போடறேன்."

"நான் மூணாம் படிவந்தான் படிச்சிருக்கேன், மிஸ்."

"அதுக்குத்தான் சொல்றேன் லா. இது ஓடிட்டா நீங்க உக்காந்து செய்ற இந்த சீட்டுங்க எல்லாம் இருக்காது."

இயந்திரத்தின் பிடியைப் பிடித்து அவள் ஒட்டிக் காட்டினாள். கை போன வழியெல்லாம் அது பதிந்துகொண்டது.

மறுநாள் தானாக ஓடவிட்டார்கள். பிசகில்லை. அடுத்த தட்டு வந்தது. இயந்திரத்தின் கை தட்டின் விளிம்பைத் தொட்டு, மெல்ல எழுந்து, மேலே இரண்டு சிறு விளக்குகளுக்கு நேரே ஒரு கணம் நின்றது. அப்புறம்தான் வேலையில் இறங்கியது.

"பக்தியான மெஷினு அக்கா. தைப்பூசத்துக்கு லீவு கேக்கும் பாரு" என்று சிரித்தாள் பக்கத்துச் சீட்டு மாரியாயி.

தங்கமணி தன் வலக்கையைப் பார்த்தாள். சொல்லிக் கொடுத்தபோதும் தட்டுக்குத் தட்டு அவள் பிடியை விட்டுவிட்டுத்தானே ஒற்றிக்கொண்டாள்? அது பதிய வழியே இல்லை.

பதிவை அழித்து மறுபடி சொல்லிக் கொடுத்தாள். இந்தத் தடவை கையைக் கண் பக்கமே கொண்டுபோகவில்லை. இயந்திரம் மறுபடியும் தொட்டது, எழுந்தது, நின்றது.

"ஒரு செகண்டுதானே, இருந்துட்டுப் போவட்டும்" என்றார் மீனலோசனி. கோர்ஸுக்கு அவள் பேரைப் போட்டு, சொன்ன சொல்லையும் காப்பாற்றினார்.

கோர்ஸ் கிள்ளானில். முதல் நாள் எல்லார் முன்னாலும் கருவிப்பெட்டி வைத்தார்கள். தங்கமணி விளிம்பைத் தொட்டாள். வலக்கை எழவில்லை. மேசையிலேயே கிடந்தது, யாரோ வந்து பிடியைப் பிடித்து ஓட்டவேண்டும் என்பதுபோல. இடக்கையால் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிக் கண்ணில் வைத்தாள். விரல்கள் இரும்பாய்ச் சில்லென்றிருந்தன.

"ஆரம்பிங்க சிஸ்டர், என்ன யோசனை?" என்றார் பயிற்சியாளர்.

அவள் இடக்கையால் திருப்புளியை எடுத்தாள். அது வழுக்கி விழுந்தது. குனிந்து மறுபடி எடுத்தாள்.